முன்வரிசை நாற்காலியும் உங்கள் கருமாதிப் பத்திரிகையும்

ஐந்தருவியில் அத்தனை கூட்டத்தையும் ஒற்றை விசிலில் ஒதுங்க வைத்த என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் மருமகள் செண்பகம் எழுதுகிறேன். சாரல் தொடங்கிவிட்டது. பெரிய கோவில் வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஐந்தருவியில் நீங்கள் காவலுக்கு நின்ற இடத்தில் இந்த சீசனுக்கு வேறொருவர் நின்று விசில் ஊதுகிறார். பாவம், அவரை யாரும் சட்டை செய்வதில்லை.

போன வாரம் மேலிடத்திலிருந்து உங்களைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. நீங்கள் எப்போது இறந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேலி இல்லை மாமா, நிஜமாகத்தான். உங்கள் கோப்பில் இரண்டு இறப்புத் தேதிகள் இருக்கின்றனவாம். ஒன்று போன ஐப்பசி. இன்னொன்று அதற்கு ஐம்பது வருஷத்துக்கும் முந்தியது. முந்தியதுதான் சரியென்றால், போன வருஷம் மனுவில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.

படித்ததும் அலுவலகம் என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது நீங்கள் காயம்பட்டதற்குச் சாட்சி இல்லை என்று சொல்லியாயிற்று. இப்போது நீங்கள் உயிரோடு இருந்ததற்கே சாட்சி கேட்கிறார்கள்.

ஆனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உங்களிடம் முதலில் சாட்சி கேட்டவள் நான்தான். அதை ஒளிக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்குப் பாதி தெரியும். மீதி நீங்கள் போன பிறகு நடந்தது.

போன வருஷம் குடியரசு தினம். முன்னாள் ராணுவத்தினரின் மனுக்களைச் சரிபார்க்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால், கொடியேற்றும் மைதானத்தில் நாற்காலிகளைக் கவனிக்கிற பொறுப்பு எனக்கு. போரில் காயம்பட்டவர்களுக்கு என்று முன்வரிசையில் ஆறு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைத் துண்டு. பெயர்ப் பட்டியல் என் கையில்.

நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் பணிக்காலப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தீர்கள். யாரையும் கேட்காமல் நேராக வந்து நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் பட்டியலைப் பார்த்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், "எம்மா, அந்தப் பெரியவரு பேரு லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்டார். நான் உங்கள் பக்கத்தில் குனிந்து, "மாமா, ரெண்டாவது வரிசையில எடம் இருக்கு. அங்கன உக்காருதியளா?" என்றேன்.

"எனக்கும் தோள்ல பட்டிருக்குல்லாம்மா" என்றீர்கள்.

"தெரியும் மாமா. லிஸ்ட்ல பேரு இல்ல."

எழுந்தீர்கள். இரண்டாவது வரிசைக்குப் போகவில்லை. கூட்டத்துக்குக் கடைசியில் போய், விழா முடிகிற வரை விறைப்பாக நின்றுகொண்டிருந்தீர்கள். எழுபது தாண்டிய மனிதர், ஒன்றேகால் மணி நேரம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருமுறைகூட நீங்கள் என் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டில் வந்து திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நீங்கள் திட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று, என் மேசைக்கு முன்னால் வந்தபோது காலோடு கால் சேர்த்து விறைப்பாக நின்று, "ஹவில்தார் சுப்பையா, ஓய்வு. மனு கொடுக்க வந்திருக்கேன்" என்றீர்கள். அன்று காலையில்தான் நான் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்திருந்தீர்கள். பக்கத்து மேசை எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம் வேண்டும் என்பது மனு. இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் உங்கள் குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள்: 'உடன் காயம்பட்டவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. திரும்பியவன் கேட்பது முறையல்ல என்று இருந்தேன். இப்போது எழுந்திருக்கச் சொன்னதால் கேட்கிறேன்.' யார் எழுந்திருக்கச் சொன்னது என்று எழுதவில்லை. அந்தப் பெருந்தன்மைக்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம் நீங்கள்.

மனுதாரர் என் மாமனார் என்று எங்கள் அலுவலரிடம் சொன்னேன். அவரும் ராணுவத்திலிருந்து வந்தவர். மேஜர் சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர், "மாமனார்னா தள்ளி வைக்க வேண்டாம். இன்னும் கறாரா பாருங்க" என்றார். கறாராகத்தான் பார்த்தேன். உங்கள் விடுவிப்புப் புத்தகத்தில் அடையாளம் என்ற இடத்தில் 'இடது தோளில் தழும்பு' என்று இருந்தது. எப்படி வந்த தழும்பு என்று இல்லை. படைப்பிரிவுக்கு எழுதினேன். அந்தக் காலத்து ஏடுகள் கிடைக்கப்பெறவில்லை என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. குண்டு முன்னால் நுழைந்து பின்னால் போய்விட்டதால் உள்ளேயும் ஒன்றும் மிச்சமில்லை. பழைய தழும்பு என்று மட்டும்தான் டாக்டரால் எழுதித் தர முடிந்தது. உங்களோடு இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

உங்களிடம் அந்தக் காலத்துக் கடிதம், படம், தந்தி ஏதாவது இருக்கிறதா என்று எத்தனை தடவை கேட்டேன்? "ஒண்ணும் இல்லம்மா. ஆத்தோட போச்சு" என்பீர்கள். பெட்டி, வாளி, டார்ச் லைட், மடக்கு நாற்காலி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரையும் ராணுவ எண்ணையும் எழுதி வைக்கிற மனிதர், ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்தவில்லையே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆற்றோடு போயிற்று என்றால் வெள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை அப்போது அடுக்களையில் இருப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கடைசியில் குறிப்பு எழுதினேன். 'தழும்பு உள்ளது. காரணத்துக்கு ஆவணம் இல்லை. பரிந்துரைக்க வழியில்லை.' என் கையால்தான் எழுதினேன். உங்கள் மகன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள்தான் சாப்பிடும்போது, "நீ எழுதுனதுல ஒரு தப்பும் இல்லம்மா. பட்டாளத்துல சேந்திருந்தா நல்ல கிளார்க்கா வந்திருப்ப" என்றீர்கள். பிறகு ரசம் கேட்டீர்கள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். சொந்தக்காரப் பெண்கள் அத்தையை உட்கார வைத்தார்கள். தாலியை இறக்குகிற நேரம். அதுவரை கல் மாதிரி இருந்த அத்தை, கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"ஒருக்கா எறக்கியாச்சு. இன்னொருக்கா எறக்கச் சம்மதிக்க மாட்டேன்."

"என்ன கோமதி பேசுத? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றாள் ஒரு பெரியம்மா.

"அந்த முறைய நான் பதினேழு வயசுல பாத்தாச்சு. நீங்க எறக்குனிய, அவரு வந்து திரும்பக் கட்டுனாரு. அவரு கட்டுனத எறக்கணும்னா அவரே வரட்டும்."

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய மாமா, உங்கள் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டார். நான் புரியாமல் நின்றேன். உங்கள் இருவருக்கும் ஏதோ தோஷத்தால் இரண்டாவது தடவை இலஞ்சி கோவிலில் தாலி கட்டினார்கள் என்றுதான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தார்கள். "எங்கப்பாவுக்கு ரெண்டு கல்யாணம், ரெண்டும் எங்கம்மாவோடதான்" என்று உங்கள் மகன் கேலி பேசுவதோடு சரி.

தாலி இறங்கவில்லை மாமா. இன்றைக்கும் அத்தை கழுத்தில் இருக்கிறது. ஊர் ஒரு மாதம் பேசியது. பேசிக் களைத்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு, ஒருநாள் மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். உங்கள் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி, அதற்குக் கீழிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் பழுத்துப்போன அட்டை. கறுப்புக் கட்டம் போட்ட கருமாதிப் பத்திரிகை. உங்களுடையது.

'எனது இளைய சகோதரனும் இராணுவ வீரனுமாகிய சுப்பையா போர்முனையில் குண்டடிபட்டுக் காயமுற்று, பின்பு காணாமற்போய், வீர சுவர்க்கம் எய்தியதாகக் கருதப்படும் செய்தியை இராணுவத் தந்தியால் அறிந்து...' கீழே தேதி, அச்சகத்தின் பெயர், அழைப்பவர் என்று பெரிய மாமாவின் பெயர். நான் எத்தனை இடத்துக்கு எழுதித் தேடிய காகிதம், தினமும் நான் துணி மடித்து வைத்த பெட்டியின் அடியில் இருந்திருக்கிறது.

"ஏன் அத்தை இத அப்பமே தரல?"

"உசுரோட இருக்க மனுசனுக்கு அவரோட கருமாதிப் பத்திரிகைய எடுத்து நீட்டச் சொல்லுதியோ? நான் பொண்டாட்டியா, எமனா?" என்றாள். "இப்பந்தான் செத்துட்டாரே. இனிமே என்ன அபசகுனம்?"

அன்றைக்குத்தான் முழுக்கதையும் சொன்னாள். கல்யாணமாகி ஐந்தாவது மாதம் எழுபத்தொன்று யுத்தம். தந்தி வந்தது. மூன்று மாதம் பார்த்தார்கள். உங்கள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார்கள். பெரிய மாமா முடிவெடுத்துப் பத்திரிகை அடித்தார். பதினாறாம் நாள் சடங்கு செய்து, பதினேழு வயதுப் பெண்ணின் கழுத்தைக் காலியாக்கினார்கள். செத்தவர் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று உங்கள் துணி, படம், பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்கள், அந்தத் தந்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சிற்றாற்றில் விட்டார்கள். ஆற்றோடு போயிற்று என்று நீங்கள் சொன்னது அதைத்தான். வெள்ளம் ஒன்றும் வரவில்லை.

நீங்கள் வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில், காயம் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்திருக்கிறீர்கள். ஆனியில், இதே மாதிரி சாரல் நேரத்தில், கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறீர்கள். கருமாதி முடிந்த ஆள் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்று, ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்த் தலை முழுக வைத்து, புது வேட்டி கட்டி, இன்றைக்குப் பெரிய மாமா இருக்கிற அந்த வீட்டுக்குள் கொல்லைப்புறமாக விட்டார்களாம். ஒரு மாதம் கழித்து, நீங்கள் உயிரோடு இருப்பதாக ராணுவக் கடிதம் வந்ததாம். ஆளே வந்தாச்சு, காகிதம் எதற்கு என்று பெரிய மாமா அதையும் கிழித்துப் போட்டாராம். எப்பேர்ப்பட்ட குடும்பத்தில் வந்து வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், பாருங்கள். ஆவணங்களை அழித்தது கரையானும் இல்லை, மழையும் இல்லை. நம்முடைய ஆட்களேதான்.

"சரி அத்தை, எல்லாத்தையும் ஆத்துல விட்டாக. இது மட்டும் எப்படி ஒங்ககிட்ட?"

"நான்தான் ஒளிச்சு வச்சேன். என் தாலிய எறக்க எவன் ஊரக் கூப்பிட்டான்னு பேரு போட்டிருக்குல்லா. என்னைக்காவது கேக்கணும்னு வச்சேன்" என்றாள்.

ஐம்பது வருஷம் மாமா. நீங்கள் தூங்கிய கட்டிலுக்குக் கீழே.

மறுநாள் நான் லீவு போட்டேன். லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன், மனுதாரராக. வரிசையில் நின்று, என் மேசையில் உட்கார்ந்திருந்த எஸ்தர் முன்னால் போய் நின்றேன். "அக்கா, நீங்க உள்ள வந்து குடுங்க" என்றாள். மாட்டேன் என்றேன். நீங்கள் நின்ற இடத்தில் நின்றுதான் கொடுப்பேன் என்று வைராக்கியம். முடிந்த கோப்பைத் திறக்க வேண்டும், புதிய ஆவணம் கிடைத்திருக்கிறது, நான் மனுதாரரின் மருமகள் என்பதால் இனி இந்தக் கோப்பை நான் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

மேஜர் சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது? கருமாதிப் பத்திரிகைய வச்சு மெடல் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"ஆமா சார்."

"இதுல அவர் இறந்துட்டார்னு இருக்கு. அது தப்பு. ஒரு விஷயம் தப்பா இருக்கற காகிதத்தை மேல இருக்கறவங்க எப்படி நம்புவாங்க?"

"செத்தது தப்பு சார். காயம் தப்பு இல்ல. ஊர்ல யாருக்கும் தெரியாத சங்கதி அது. தந்தி வராம எங்க பெரிய மாமாவுக்குக் கனவுலயா வந்துச்சு? இந்தத் தேதிய அந்தத் தழும்போட சேத்துப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. இதே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எத்தனை பேருக்கு வழியில்லை என்று எழுதியிருக்கிறேன்? அவர்கள் வீட்டுப் பெட்டிகளின் அடியில் என்னென்ன கிடந்ததோ? அன்றைக்கு அந்த நினைப்புத்தான் என்னை உலுக்கியது.

அவர் அட்டையைக் கோப்புக்குள் வைத்தார். பிறகு எஸ்தரைக் கூப்பிட்டு, கோப்பை மேலே அனுப்பச் சொன்னார். பரிந்துரை என்று எழுதவில்லை. 'பரிசீலனைக்கு' என்று எழுதினார். அதுபோதும் என்று வந்துவிட்டேன்.

அதற்குத்தான் போன வாரம் இந்தப் பதில். நீங்கள் எத்தனை தடவை செத்தீர்கள் என்ற கேள்வி. கூடவே, பத்திரிகை உண்மையானது என்று அதில் பெயர் உள்ளவர்களில் யாராவது உறுதிமொழி தர வேண்டுமாம். பத்திரிகையில் பெயர் உள்ளவர்களில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர்.

அத்தையிடம் சொன்னேன். "கெளம்பு" என்றாள். பஸ் ஏறிச் சுந்தரபாண்டியபுரம் போனோம். பெரிய மாமா தன் சூரியகாந்தித் தோட்டத்து வரப்பில் கம்போடு நின்று, செல்பி எடுக்க வந்த கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார். எண்பது தாண்டியும் அந்த அதட்டல் குறையவில்லை. எங்களைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டார்.

வீட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்துப்போனவன் எழுந்து வந்த மாதிரி. ஒருமுறை நிஜமாகவே வந்ததைப் பார்த்தவர்தானே.

"இத இன்னுமா வச்சிருக்க?" என்று அத்தையைக் கேட்டார்.

"வச்சிருக்கேன் அத்தான்."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, உசுரோட இருந்த தம்பிக்குக் கருமாதி பண்ணுனவன்னு சர்க்காருக்கே எழுதிக் குடுத்த மாதிரில்லா? எம் பேரப்பிள்ளைக என்ன நெனைக்கும்?"

"கெட்டது கெட்டாச்சு அத்தான். அத அம்பது வருசமா நான் சொமந்தாச்சு. பதினேழு வயசுல மூணு மாசம் வெள்ளச் சேலையோட அந்த மூலையில உக்காந்திருந்தேன். அப்பம் யாரும் எங்கிட்ட கையெழுத்துக் கேக்கல. இன்னைக்கு நான் ஒங்ககிட்ட கேக்குதேன். ஒரே ஒரு கையெழுத்து."

வெளியே யாரோ தோட்டத்துக்குள் இறங்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் விரட்ட எழுந்திருக்கவில்லை.

"அம்மா கேட்டா" என்றார் கடைசியில். "நான் கண்ண மூடுறதுக்குள்ள எம்பிள்ளைக்குக் காரியத்த முடிச்சு, அவன நல்லபடியா அனுப்பி வையின்னு தெனமும் கேட்டா. பொறுத்துப் பாத்தேன். முடியல. அவசரப்பட்டுட்டேன் கோமதி. அவன் வந்து நின்னப்ப அம்மா இல்ல. ரெண்டு பேரையும் நான் ஏமாத்துன மாதிரி ஆயிட்டு."

அழுதார் மாமா. எல்லாரையும் அதட்டுகிற உங்கள் அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அத்தை அழவில்லை. போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் குடிக்கிற வரை காத்திருந்துவிட்டு, பேனாவை நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டார். முழுப்பெயரும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் என்னைய மன்னிச்சானாம்மா? ஒங்கிட்ட எதுவும் சொன்னானா?" என்று கேட்டார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் கரும்பை அவர் வீட்டுக்குத்தான் அனுப்புவீர்கள். ஆனால் அந்த வீட்டு முன்வாசல் வழியாக நீங்கள் நுழைந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் கொல்லைப்புறமாகத்தான் போவீர்கள். கிட்டே இருக்கிறது என்பீர்கள். அது மன்னிப்பா, கோபமா? எனக்குத் தெரியவில்லை மாமா. நீங்கள்தான் சொல்ல வேண்டும். "ஒங்கள ஒருநாளும் குறையா பேசல" என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "மெடலு வந்தா எனக்கும் ஒருக்கா காட்டுவியளா?" என்றார். அத்தை திரும்பிப் பார்க்காமல், "வந்தா பாப்போம்" என்றாள். பஸ்ஸில் ஏறிய பிறகு, "காட்டுவோம். கெழவன் பாவம்" என்றாள்.

மேலிடத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். மனுதாரர் ஒரே ஒரு முறைதான் இறந்தார், அது போன ஐப்பசியில்; முந்தைய இறப்பு அவருடைய குடும்பத்தாரின் அவசரம்; மனுவில் கையெழுத்துப் போட்டவர் அவரே; அன்று காலையில் அவருக்குக் காப்பி கொடுத்தவள் நான் என்று எழுதினேன். எஸ்தர் படித்துவிட்டு, "அக்கா, காப்பிய எடுத்திரலாமா?" என்றாள். எடுக்கவில்லை. இருக்கட்டும், எந்தச் சட்டம் தடுக்கிறது?

பதக்கம் வருமா? தெரியாது. இன்னொரு கேள்வி வரும். அதற்கும் பதில் எழுதுவேன். முடித்து வைத்தோம் என்று எழுதினால், திரும்பவும் வரிசையில் நிற்பேன். குறிப்பெழுதத் தெரிந்தவளுக்கு அதை உடைக்கவும் தெரியும். நான் எழுதிய அந்த மூன்று வரியை நானே பொய்யாக்காமல் விடுவதாக இல்லை.

இப்போது ஒரு வாக்குறுதி கொடுக்கிறேன் மாமா, பத்திரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் சுதந்திர தினம். முன்வரிசையில் ஆறு நாற்காலி போடுவார்கள். பட்டியல் இந்தத் தடவையும் என் கையில்தான் இருக்கும். அதில் இல்லாத பெயரை நான் எழுதமாட்டேன். அந்த ஆறு பேரும் ரத்தம் சிந்தியவர்கள், அவர்கள் இடத்தில் யாரையும் உட்கார வைக்கவும் மாட்டேன். ஆனால் ஏழாவதாக ஒரு நாற்காலி நம் வீட்டிலிருந்து போகும். உங்கள் மடக்கு நாற்காலி. உங்கள் மகன் துரு தேய்த்து, எண்ணெய் போட்டு வைத்துவிட்டார். நான்காவது நாற்காலிக்கு நேர் பக்கத்தில் அதை விரிப்பேன். அத்தை கழுத்தில் தாலியோடு வந்து அதில் உட்காருவாள்.

பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அன்றைக்குக் கேட்டதும் குனிந்தேனே, அந்த மாதிரிக் குனியமாட்டேன். பேர் இருக்கிறதா என்று கேட்டால், நாற்காலியின் முதுகைத் திருப்பிக் காட்டுவேன். வெள்ளைப் பெயின்ட்டில், உங்கள் கையால், எண்ணோடு எழுதியிருக்கிறது. வாசித்துக்கொள்ளட்டும்.

உங்களை ஒரு தடவை எழுப்பிவிட்ட, இனி யாரையும் எழுப்ப விடாத
உங்கள் மருமகள்
செண்பகம்